கவிதைத் தொகுப்பை வைத்து என்ன வேலைக்குப் போகலாம்?

"அக்கா, தொகுப்பு வந்துடுச்சு. இதை வச்சு ஏதாவது வேலைக்கு முயற்சி பண்ணலாமா?" கவிதை எழுதுகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். பெரும்பாலும் தமிழ் இலக்கியம் படித்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். அச்சடிக்கக் கைக்காசு போட்டிருப்பார்கள். கவிதை சோறு போடாது என்று சொல்லி அனுப்பிவிடலாம்தான். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. கவிதை எனக்குச் சோறு போட்டிருக்கிறது. நான் எழுதிய கவிதையைவிட, கவிதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததுதான் அதிகம் போட்டது. இந்த வேறுபாடு புரிய எனக்குச் சில வேலைகள் மாற வேண்டியிருந்தது. அதை விரிவாக எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மதுரையில் முதுகலைத் தமிழ் முடித்தேன். ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். பிறகு சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பிரதி திருத்தும் வேலை. இப்போது வீட்டிலிருந்தே பிரதி பார்க்கிறேன், கல்லூரிப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன், மொழிபெயர்க்கிறேன். இடையிடையே சொந்தக் கவிதையும் நடக்கிறது.

கல்லூரி நேர்காணலுக்குப் போனபோது சான்றிதழ்க் கோப்பின் மேலேயே என் தொகுப்பை வைத்திருந்தேன். முதல் கேள்வி, "நெட் கிளியர் பண்ணியாச்சா?" கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வைத்தான் நெட் என்கிறோம். அடுத்தது முனைவர் பட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பது. ஒருவர் நூலை எடுத்துப் பின்னட்டையில் இருந்த பாராட்டை வாசித்துவிட்டு ஓரமாக வைத்தார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கவிதைத் தொகுப்பு எப்படிப்பட்டது என்பதை ஐந்து நிமிடத்தில் யாராலும் சொல்லிவிட முடியாது. நெட் தேர்ச்சியைச் சொல்லிவிட முடியும்.

வெளியிலிருந்து அழைக்கப்பட்டிருந்த வயதான பேராசிரியர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "கவிதை எழுதுறீங்க, சரிம்மா. குறுந்தொகையில ஒரு பாட்டு எடுத்துக்கோங்க. உரையில இருக்கறது எனக்குத் தெரியும். எழுதுறவங்க கண்ணுக்கு அதுல என்ன படுதுன்னு சொல்லுங்க."

நான் கபிலரின் பதினெட்டாம் பாட்டைச் சொன்னேன்.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

தோழி தலைவனிடம் சொல்வது. உரைகள் காட்டும் நயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவன் நாட்டுப் பலா வேரிலேயே காய்க்கிறது, சுற்றிலும் மூங்கில் வேலி. பழத்துக்கு ஒரு கேடும் இல்லை. இவளோ சிறிய கொம்பில் தொங்கும் பெரிய பழம்போல இருக்கிறாள். கொம்பு முறிவதற்குள் வந்து மணந்துகொள் என்கிறாள் தோழி.

என் கண்ணில் பட்டது வேறொன்று. முதல் அடியில் வேலி வருகிறது, வேர் வருகிறது, மரம் வருகிறது. பழம் வரவில்லை. ஐந்தே அடியுள்ள பாட்டில் மூன்று அடி முழுக்கப் பழத்தைச் சொல்லாமல் காத்துவைத்து, நான்காம் அடியில் ‘சிறுகோட்டு’ என்று கொம்பை முதலில் நீட்டி, அதன்மேல் ‘பெரும்பழம்’ என்று பாரத்தை ஏற்றுகிறார். படிப்பவர் அந்தக் கனத்தை உணர்ந்த உடனேயே சிறிது, பெரிது என்று அதே இணை உயிருக்கும் காமத்துக்கும் மாறிவிடுகிறது. முதல் அடியிலேயே பழம் வந்திருந்தால் நான்காம் அடியில் அது இரண்டாவது பழமாகத்தான் இருந்திருக்கும். எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எதை எப்போது சொல்வது என்பதில்தான் நாங்கள் ராத்தூக்கம் கெடுகிறோம்.

பேராசிரியர் விடவில்லை. "இல்லம்மா, வேர்ப்பலான்னு சொன்ன உடனேயே பழம் மனசுல வந்துடுதே?" என்றார். வருகிறது, ஆனால் பத்திரமாக வருகிறது, அதனால் அதன் எடை தெரியவில்லை என்றேன். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தோம். வேலை கிடைத்தது. தற்காலிகப் பணி, சொற்பச் சம்பளம். எந்தத் தகுதியால் கிடைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் தொகுப்பை அவர் திறக்கவே இல்லை.

இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். உங்கள் கவிதை நல்லதா என்று நேர்காணலில் நிறுவ முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். கவிதை எழுதிய பழக்கத்தால் இன்னொருவர் கவிதையில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்பதைக் காட்ட முடியும். அதைக் கேட்பவர் மறுக்கலாம், எதிர்க்கேள்வி போடலாம், பாட்டை வைத்தே சரிபார்க்கலாம். புலமை என்று நான் நம்புவது இப்படிச் சரிபார்க்கக் கொடுக்க முடிகிற அறிவைத்தான்.

நம் மரபில் இதற்குப் பெரிய சான்று உ.வே.சாமிநாதையர். 1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருந்த தகுதி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்பது. அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த தியாகராச செட்டியாரின் ஆதரவும் இருந்தது. பிள்ளையவர்கள் செய்யுளையே வாழ்க்கையாகக் கொண்டவர். ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் தலபுராணம் பாடுவார், அரங்கேற்றுவார். செய்யுள் இயற்றும் ஆற்றலே அன்றைக்குப் புலமையின் அடையாளம். உ.வே.சா.வுக்கும் அது கைவந்திருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார். முதலியார் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப், அதாவது உரிமையியல் நீதிபதி. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய உழைப்பில்தான் 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னாலேயே 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

இந்தச் செய்தியில் என்னைத் தொடுவது, கேட்டவர் ஒரு நீதிமன்ற அதிகாரி என்பது. கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. ஆனாலும் எது படிக்கப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லூரிப் பதவியில் இருந்த உ.வே.சா. அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் உ.வே.சா.வுக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தது, 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தது. ஏடுகளில் உழைத்துப் பல ஆண்டுகள் கழித்து வந்த பட்டங்கள் அவை.

மதுரைக்காரியாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டயபுரத்தில் சிறுவயதிலேயே ‘பாரதி’ என்ற பட்டம் பெற்ற சுப்பிரமணியம் 1904இல் எங்கள் ஊர் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தது சில மாதங்களே, அதுவும் தற்காலிகமாக. அதே ஆண்டு சுதேசமித்திரன் நாளிதழுக்குப் போனபோது அங்கே அவருக்குக் கிடைத்த அன்றாட வேலை ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது. அந்த உழைப்பு அவர் உரைநடைக்கு என்ன செய்தது என்பதைப் பின்னாளைய கட்டுரைகளில் பார்க்கலாம். கவிதையால் கதவு திறக்கும்போது உள்ளே காத்திருப்பது பெரும்பாலும் வேறு ஏதாவது மொழி வேலைதான். கவிஞர்கள் இதை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. நான் செய்தித் தமிழாக்கமும் செய்திருக்கிறேன், மருந்துப் பெட்டிக்குள் வரும் குறிப்பையும் தமிழில் பெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லை மிகாமலும் குறையாமலும் வைக்க வேண்டிய கட்டாயம் அங்கே கவிதையைவிடக் கடுமை.

இப்போது மனம் கசக்கும் பகுதிக்கு வருகிறேன். ஒரு கவிதைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு ‘நூறு கவிஞர்களின் தொகுப்பு’ போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பணம் கட்டினால் கவிதை அச்சாகும், கூடவே சான்றிதழ், கவிச்சுடர் கவிமாமணி என்று ஒரு பட்டம், மண்டபத்தில் பொன்னாடை, ஐ.எஸ்.பி.என். எண். என்னிடம் வந்த ஒரு தங்கை பகுதிநேர வேலையில் சேர்த்த காசை இப்படிப் பல தொகுப்புகளுக்குக் கட்டியிருந்தாள். அவள் கவிதைகளில் இரண்டு உண்மையிலேயே நன்றாக இருந்தன. எதிலும் ஒருவரும் ஒரு சொல் திருத்திக் கொடுக்கவில்லை. ஒரு பிழைகூட நீக்கப்படாமல் அப்படியே அச்சாகியிருந்தது. அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

எனவே சில உண்மைகளை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.பி.என். என்பது நூலை அடையாளம் காண்பதற்கான 13 இலக்க எண், அவ்வளவே. நூலின் தரத்தை யாரும் பார்த்து அதைத் தருவதில்லை. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே கொடுக்கிறது. நூலை நீங்களே வெளியிட்டாலும் நீங்களே விண்ணப்பிக்கலாம். அந்த எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். காசு கட்டி வாங்கிய பட்டத்தைத் தன்விவரக் குறிப்பில் போடவும் வேண்டாம். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அவை எப்படி வருகின்றன என்று நன்றாகத் தெரியும். அதைப் பார்த்த கண்ணோடு உங்கள் நல்ல கவிதையையும் பார்ப்பார்கள்.

சிற்றிதழில், வார இதழில் ஆசிரியர் ஒருவர் தேர்ந்தெடுத்து வெளியிட்ட கவிதைகள் இருந்தால் இதழின் பெயரையும் மாதத்தையும் எழுதுங்கள். பலவற்றைப் படித்து, வேண்டாம் என்று ஒதுக்கத் தெரிந்த ஒருவர் கையிலிருந்து அது வந்திருக்கிறது. தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசில் மரபுக்கவிதை, புதுக்கவிதை இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. சாகித்திய அகாதெமி 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் தருகிறது, தொகை 50,000 ரூபாய். இவை எதற்கும் பட்டப்படிப்பு கேட்பதில்லை. கிடைத்தால் மகிழ்ச்சி. அதை நம்பி வேலை தேடாமல் இருக்கக் கூடாது.

பதிப்பக வேலைக்கு வைத்த சோதனையை நான் மறக்க மாட்டேன். பழைய செய்யுள் நூல் ஒன்றின் மறுபதிப்புப் படிகளில் சில பக்கங்களைக் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னார்கள். எளிதாகப் படிக்கட்டுமே என்று யாரோ சந்தியைப் பிரித்து வைத்திருந்தார்கள். குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ என்பது நான்கு சீர், அதாவது செய்யுள் அடியின் நான்கு துண்டு. ‘எழுத்து எல்லாம்’ என்று பிரித்து அச்சடித்தால் ஐந்தாகிவிடும். முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர் என்ற குறள்வெண்பாவின் அளவே போய்விடும். பிரித்துத்தான் தர வேண்டுமென்றால் மூலத்தைச் சீர் கெடாமல் மேலே வைத்து, பிரித்த வடிவத்தைக் கீழே தனியாக வைக்க வேண்டும்.

யாப்பு தெரிந்தால் இன்னொரு பலன். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின்’ என்பதில் ‘பின்’ விடுபட்டுப்போனால், ‘கற்ற’ என்ற தேமாவுக்கு அடுத்து ‘நிற்க’ என்று நேரசை வந்து வெண்டளை, அதாவது வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீரோடு சேர வேண்டிய முறை, முறிகிறது. இந்தக் குறள் எல்லாருக்கும் மனப்பாடம், அதனால் விடுபட்டது உடனே தெரிந்துவிடும். யாருக்கும் மனப்பாடமில்லாத ஒரு தனிப்பாடலில் அச்சுப்பிழையைக் கண்டுபிடிக்கத் தளைதான் துணை. தளை முறியும் இடத்தில் ஏதோ தவறியிருக்கிறது என்று பழைய பதிப்பைத் தேடிப் போகலாம்.

புதுக்கவிதைக்கு அந்தக் காவல் கிடையாது. அங்கே வேலை இன்னும் கடினம். பக்கத்தின் அகலம் போதாமல் ஒரு நீள வரி உடைந்து இரண்டாகிவிட்டால், அது கவிஞர் உடைத்ததா அச்சுக்கோத்தவர் உடைத்ததா என்று எந்த இலக்கணமும் சொல்லாது. முதலில் வெளியான இதழைத் தேடிப் பார்க்க வேண்டும். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் 1959 முதல் 1970 வரை வந்தது. அந்தக் காலக் கவிதை ஒன்றை மறுபதிப்புச் செய்கிறவர் பிந்தைய தொகுப்பை மட்டும் நம்பினால் போதாது, இதழையும் பார்க்க வேண்டும். வரி எங்கே முடிகிறது என்பதற்காக ஒரு நாள் முழுக்க நூலகத்தில் உட்காருவது அந்தக் கவிஞருக்கு நாம் காட்டுகிற மரியாதை.

என் சம்பளம் வந்தது இந்த வேலையிலிருந்து. கவிதை எழுதுகிறவளாக இருந்ததால்தான் வரி முறிவில் எனக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலோடு நிற்காமல் இதழைத் தேடிப் போகும் ஒழுங்கைப் பதிப்பகத்தில் என் மேலே இருந்த மெய்ப்பாளர் ஐயாதான் கற்றுக்கொடுத்தார். அவர் ஒரு கவிதைகூட எழுதியவரில்லை. பதிப்பகத்தில் கவிதையைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

நடுவர் வேலை பற்றிக் கொஞ்சம். கல்லூரிக் கவிதைப் போட்டிகளில் மேடையில் வாசிக்கவிட்டு உடனே மதிப்பெண் போடச் சொல்வார்கள். குரல் வளம் உள்ள பிள்ளை ஜெயித்துவிடும். கடைசி வரியைக் கைதட்டலுக்காகவே கட்டுகிற பழக்கம் இப்படித்தான் வருகிறது. நான் ஒப்புக்கொள்ளும் முன் மூன்று கேட்பேன். கவிதைகள் பெயர் நீக்கிய படிகளாக முந்தின நாளே வேண்டும். நடுவர்கள் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட்ட பிறகே கூடிப் பேச வேண்டும். பரிசு பெறாத கவிதைக்கும் இரண்டு வரியாவது காரணம் எழுதித் தர வேண்டும். மூன்றாவதுக்குத்தான் எதிர்ப்பு அதிகம், நேரமில்லை என்பார்கள். காரணம் எழுத முடியாத தீர்ப்பை நான் நம்புவதில்லை, என்னுடையதாக இருந்தாலும். எழுத உட்கார்ந்தபோது என் மதிப்பெண்ணே மாறிய நேரங்கள் உண்டு.

கல்லூரி வேலையை நோக்கிப் போகிறவர்கள் விதியைத் தெரிந்துகொண்டே போங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி வேண்டும். கவிதை நூல் அதற்கு ஈடாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. தேசியப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10 புள்ளி, பன்னாட்டுப் பதிப்பகம் என்றால் 12. மொழிபெயர்ப்புக்குத் தனி வரிசை உண்டு, ஒரு நூலுக்கு 8. கவிதைக்கென்று தனி வரிசை இல்லை. கவிதை நூலைக் கணக்கில் எடுப்பதா என்பது பார்க்கிறவர்களைப் பொறுத்ததாகிவிடுகிறது. இந்த நிலையில் கவிஞர் ஒருவர் நல்ல கவிதை நூலொன்றை மொழிபெயர்த்தால் அவருடைய திறமைக்கும் வேலை, அட்டவணைக்கும் கணக்கு.

2022இல் யூ.ஜி.சி. ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமுள்ள வல்லுநர்களை, பட்டம் கட்டாயம் என்று கேட்காமல் எடுக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பட்டியலில் இலக்கியமும் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கண்ணதாசன் போன்ற ஒருவர் இன்று இருந்தால் வகுப்பறைக்குள் வர விதியில் இடம் இருக்கிறது. தமிழ்த் துறைகள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்லிவருகிறேன்.

தன்விவரக் குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: ‘கவிஞர்’ என்று பெயருக்கு முன்னால் போடுவதைவிட, நீங்கள் செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். எந்த நூலுக்கு மெய்ப்புப் பார்த்தீர்கள், எந்த இதழுக்குக் கவிதைகளைத் தேர்ந்தெடுக்க உதவினீர்கள், யாருடைய கவிதையை மொழிபெயர்த்தீர்கள், எத்தனை வகைப் பாவில் பிழையில்லாமல் எழுத முடியும். ஒரு சங்கப் பாட்டையும் ஒரு புதுக்கவிதையையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நீங்களே எழுதிய வாசிப்பை இணைத்துவிடுங்கள். சொந்தத் தொகுப்பில் ஒரே ஒரு கவிதை போதும். அதன் முதல் வடிவத்தையும் அச்சான வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் பதிப்பகத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, விண்ணப்பங்களில் நான் முதலில் தேடியது இந்தத் திருத்தத்தைத்தான்.

கவிஞர்கள் கல்லூரியில் வகுப்பெடுப்பது பற்றி எனக்கும் பேராசிரியத் தோழி ஒருத்திக்கும் தீராத வாதம் ஒன்று இருக்கிறது. நெட் இல்லாத கவிஞரை வகுப்புக்குள் விட்டால் அவர் தன் அனுபவத்தையே பேசிக்கொண்டிருப்பார், பிள்ளைகளுக்குத் தேர்வு எழுத ஒன்றும் மிஞ்சாது என்பாள். அவள் சொல்கிற ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நான் வைக்கும் யோசனை ஒன்றுதான். புதுக்கவிதைத் தாளை ஒருவரிடமே கொடுக்காமல் இருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். வரலாறு, இயக்கங்கள், பதிப்பு ஆகியவற்றைத் துறை ஆசிரியர் எடுக்கட்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் கவிஞர் வந்து ஒரே ஒரு கவிதையைப் பிள்ளைகளோடு வரி வரியாகப் பிரித்துப் பார்க்கட்டும். துறை ஆசிரியரும் அந்த வகுப்பில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்கட்டும். தன் துறையில் அடுத்த பருவத்துக்கு இதைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று தோழி சொல்லியிருக்கிறாள். எந்தக் கவிதைகள் என்ற பட்டியலை இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். புதுக்கவிதை முன்னோடிகளில் பிச்சமூர்த்தியில் தொடங்குவதா பிரமிளில் தொடங்குவதா என்பதிலேயே இன்னும் ஒத்துப்போகவில்லை.